ஜம்புநாதனின் ஒற்றை ஓட்டு

ஓட்டுப் போடவேண்டியிருக்கிறதே என்று ஜம்புநாதன் அலுத்துக்கொண்ட அன்றுதான் குமாரசாமிக்கு வயிறு எரியத் தொடங்கியது.

ஜம்புநாதன் அவருக்குச் சகலை. மனைவி வசந்தாமணியின் தங்கையைக் கட்டியவர். சிட்னியில் இருக்கிறார். குமாரசாமி அமெரிக்கா வந்து ஆறு வருஷம் கழித்துத்தான் ஜம்புநாதன் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார். ஐந்தாம் வருஷம் அந்த நாட்டுக் குடிமகனாகி, கோட்டு மாட்டிக்கொண்டு, விழாவில் கொடுத்த செடித்தொட்டியுடன் போட்டோ அனுப்பினார். அந்தச் செடி இப்போது அவர் வீட்டுப் பின்பக்கம் மரமாகி நிற்கிறது. குமாரசாமியோ நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டரில், பன்னிரண்டு வருஷமாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார். இந்த நாட்டில் ஆறு ஜனாதிபதித் தேர்தல்களைச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தாயிற்று. ஊரில் போய்ப் போடலாமென்றால் ஒவ்வொரு தடவையும் விசாவோ லீவோ ஏதோ ஒன்று காலை வாரியது. கடைசியாக அவர் ஓட்டுப் போட்டது தாராபுரத்தில். அப்போது அவருக்குத் தொப்பை கிடையாது.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்த ஜம்புநாதன் கொட்டாவி விட்டபடியே ஆரம்பித்தார்.

"மறுபடியும் எலெக்‌ஷனுங்கண்ணா. போன வருஷந்தான் கவுன்சிலுக்குப் போட்டோம். அதுக்கு முந்தி ஸ்டேட்டுக்கு. போடாட்டி ஃபைன் போட்டு வீட்டுக்கே லெட்டர் வருது. சனிக்கிழமை ஒரு மனுசன் நிம்மதியாத் தூங்க முடியுதா இந்த நாட்டுல?"

"அப்படிச் சொல்லாதீங்க சகல" என்றார் குமாரசாமி.

"யாரு வந்தா என்னங்கண்ணா? ரெண்டு பேரும் டி.வி.ல மாத்தி மாத்திக் கத்தறாங்க. வாடகை எறங்கப்போகுதா? எங்க தொகுதியில எட்டுப் பேரு நிக்கறாங்க. எட்டுப் பேருக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போடோணும். ஒரு கட்டத்த விட்டாலும் செல்லாது. ஒருத்தனுக்குக் குத்திட்டு வர நம்மூரு எவ்வளவோ தேவல."

எட்டு! குமாரசாமிக்கு ஒன்றுக்கே வழியில்லை. சகலைக்கு ஒரே சீட்டில் எட்டு. அதையும் வேண்டாமென்கிறார். விருந்தில் பக்கத்து இலைக்காரன் பாயசத்தைத் தள்ளிவைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பசிக்காரனின் நிலைமை அது.

"நீங்கதான் பேப்பரெல்லாம் படிக்கறவராச்சே" என்று ஜம்புநாதன் தலையைச் சொறிந்தார். "நீங்களே ஒரு லிஸ்ட்டுப் போட்டுக் குடுங்கண்ணா. அப்படியே எழுதிப்போட்டுட்டு வந்தர்றேன்."

அடுத்த நான்கு நாட்கள் குமாரசாமி அலுவலக மீட்டிங்குகளில் கேமராவை அணைத்துவைத்துவிட்டு மேற்குச் சிட்னியின் அரசியலைப் படித்தார். எட்டு வேட்பாளர்களையும் எக்ஸெல்லில் ஏற்றினார். இரண்டு பெரிய கட்சிக்காரர்கள், ஒரு பல் டாக்டர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், நீச்சல்குளத்துக் கார் நிறுத்தத்தை விரிவாக்குவதே தன் ஒரே கொள்கை என்று அறிவித்திருந்த ஒரு பெண்மணி, இன்னும் மூவர். வாடகை, மருத்துவமனை, ரயில் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் வரிசையை முடித்தார். பஸ் டிரைவர் முதலிடம். அன்று அவர் சாப்பிட்ட இட்லிக்கு ஒரு தனி ருசி இருந்ததாக வசந்தாமணி பிறகு சொன்னாள். வழக்கமான இட்லிதான்.

வரிசையைச் சகலைக்கு அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி வாசலில் நான்கு பேர் காதில் விழும்படி, "சிட்னியில ஒரு ஓட்டு இந்தத் தடவை நான் சொல்ற ஆளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அந்த நான்கு பேரில் ஒருவர் டாக்டர் சிவராமகிருஷ்ணன்.

டாக்டர், மத்திய நியூ ஜெர்சி தமிழ்ப் பேரவையின் தலைவர். ஒன்பது வருஷமாகத் தலைவர். பேரவையில் இதுவரை தேர்தல் நடந்ததில்லை. அதற்கு அவசியம் வராதபடி அவர் பார்த்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் குமாரசாமி" என்று அவர் கையை உயர்த்தினார். "ஒரு ஓட்டு. அத நீங்க ஒருத்தரே டிசைட் பண்றதா? இது சர்வாதிகாரம் இல்லையா? பேரவைல எத்தனையோ பேர் ஓட்டே இல்லாம இருக்காங்க. அவங்க வாயில மண்ணா?"

"சார், அது எங்க சகலையோட ஓட்டுங்க. குடும்ப விஷயம்."

"ஜனநாயகத்துல குடும்பத்துக்கு இடமில்ல" என்றார் டாக்டர். பேரவையின் துணைத்தலைவர் அவருடைய மைத்துனர், பொருளாளர் மருமகள்.

அன்று மாலையே ஸூமில் அவசரச் செயற்குழு கூடியது. 'சிட்னிவாழ் ஜம்புநாதன் அவர்களின் வாக்கைப் பேரவை தன் பொறுப்பில் ஏற்று, உறுப்பினர்களின் ஜனநாயக முடிவின்படி வழிநடத்தும்' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனது என்பது பேரவையில் பழக்கதோஷம். எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது குமாரசாமி தூக்கினார். அவரது மைக்கை நிறுத்தியிருந்ததால் அவர் கை கணக்கில் வரவில்லை என்று செயலாளர் விளக்கினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாக்கெடுப்பு. அப்போது சிட்னியில் வெள்ளி காலை. மறுநாள் சனிக்கிழமை அங்கே தேர்தல். நான்கே நாள் அவகாசம்.

தேர்தல் ஆணையராகப் பாலசுப்ரமணியன் நியமிக்கப்பட்டார். முப்பது வருஷம் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். சோதித்துப் பார்க்காத எதையும் தொடமாட்டார். வாக்குச்சீட்டைத் திங்கட்கிழமை தயாரித்தார். செவ்வாய்க்கிழமை அதைச் சோதித்தார். எழுபத்தோரு குறைகள் கண்டுபிடித்தார். அவற்றில் அறுபத்தெட்டு, எட்டாம் கட்டத்தின் கோடு சற்றே தடிமனாக இருப்பதைப் பற்றியவை. அது எட்டாம் வேட்பாளருக்கு அநியாயமான சாதகம் என்று ஆறு பக்க அறிக்கை அனுப்பினார்.

அங்கே ஓட்டுச்சாவடி வாசலில் ரொட்டிக்குள் சாசேஜ் வைத்து விற்பார்கள், அதுவும் தேர்தலில் ஓர் அங்கம் என்று யாரோ சொல்லிவைக்க, அது தனிப் பிரச்சினையாகக் கிளம்பியது. பேரவை நிகழ்ச்சிகளில் அசைவம் கிடையாது. இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு, நீளவாக்கில் நறுக்கிய வாழைக்காய் பஜ்ஜியை ரொட்டியில் வைத்துக் கெச்சப் ஊற்றிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. சுற்றறிக்கையில் அதற்கு 'ஜனநாயக பஜ்ஜி' என்று பெயர்.

புதன்கிழமை, வாடகைக்கு எடுத்த ஒரு மிடில் ஸ்கூல் கஃபடீரியாவில் வேட்பாளர் விவாதம். எட்டு வேட்பாளர்களுக்கும் இங்கே எட்டு உறுப்பினர்கள் வாதாட வேண்டும். அவர்களில் ஒருவரும் சிட்னியைப் பார்த்ததில்லை. ஆனாலும் அரை மணியில் சூடு பிடித்துவிட்டது. நீச்சல்குளத்து நிறுத்தத்துக்காகப் பேசிய அனன்யா என்ற பெண், "நம்ம பசங்க நனைஞ்ச டிரெஸ்ஸோட எவ்ளோ தூரம்தான் நடப்பாங்க?" என்று கேட்டுவிட்டுக் கண் கலங்கினாள். பல் டாக்டர் கட்சிக்காரர், "மொதல்ல உங்க ஆட்சியில என்ன கிழிச்சீங்க?" என்று பெரிய கட்சிக்காரரைப் பார்த்துக் கத்தினார். தினமும் ஒரே காரில் வேலைக்குப் போய்வந்த அந்த இரண்டு பேரும் மறுநாள் தனித்தனிக் காரில் போனார்கள்.

முடிவுரை ஆற்ற டாக்டர் எழுந்தார்.

"நண்பர்களே, நான் அமெரிக்கக் குடிமகனாகிப் பதினாறு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்ல. ஏன்? இங்க எலெக்‌ஷன் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை எனக்கு கிளினிக். இது சிஸ்டத்தோட தப்பு."

"தபால்லயே போடலாமே சார்?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"வந்துதே. கவர் வந்துது. வீட்ல எங்கயோ வெச்சுட்டாங்க. பாயிண்ட் அது இல்ல. ஆஸ்திரேலியால ஓட்டுப் போடாதவன விடமாட்டான். அந்தக் கட்டாயம்தான் ஜனநாயகம். அதனால நம்ம வாக்கெடுப்பும் கட்டாயம். போடாதவங்க பொங்கல் விழாவுல முன்வரிசைல உக்காந்து தலைவர் உரைய முழுசாக் கேக்கணும்."

கூட்டத்தில் ஒரு கலக்கம் பரவியது. போன பொங்கலில் அந்த உரை ஒன்றே முக்கால் மணி நேரம்.

குமாரசாமி கடைசி வரிசையில் உட்கார்ந்து எட்டுப் பேரின் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பஸ் டிரைவரைப் பற்றி ஒருவன் தப்புத்தப்பாகப் பேசுவதைக் கேட்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின வாரம் வரை அந்த ஓட்டு முழுசாக அவர் கையில் இருந்தது. இனி அதில் அவர் பங்கு நூற்றில் ஒன்று. பரவாயில்லை, அந்த ஒன்றையாவது ஒழுங்காகப் போடுவோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, இஸ்திரி போட்ட சட்டையில், வசந்தாமணியோடு போய் வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் பாலசுப்ரமணியன் பட்டியலில் விரலை ஓட்டினார். மேலிருந்து கீழே போனது. கீழிருந்து மேலே வந்தது.

"உங்க பேர் இல்லையே."

"நான் பதினோரு வருஷமா மெம்பருங்க."

"பார்வையாளர் உறுப்பினர். ஓட்டு ஆயுள் உறுப்பினருக்குத்தான். நீங்க எந்த டிஸ்ட்ரிக்ட்?"

"திருப்பூர்."

பாலசுப்ரமணியன் பரிவோடு கண்ணாடியைக் கழற்றினார். "அதான் விஷயம். எந்த ஒரு மாவட்டமும் ஆயுள் உறுப்பினர்ல ஏழு சதவீதத்தத் தாண்டக் கூடாது. பைலாஸ்ல இருக்கு. பன்முகத்தன்மைக்காக. உங்க பக்கத்துலேர்ந்து நிறையப் பேர் வந்துட்டீங்க. உங்க அப்ளிகேஷன் ரெண்டாயிரத்துப் பதினாலு. இப்போ ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல போட்டவங்களுக்குத்தான் ஓடிண்டிருக்கு. நடுவுல கொஞ்சம் பின்னாடியும் போச்சு."

குமாரசாமிக்கு இதை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை; கிரீன் கார்டு வரிசையிலும் நாட்டுக்கு இதே ஏழு சதவீதம்தான்.

"அப்ப நான் ஓட்டுப் போட முடியாதுங்களா?"

"முடியாது. ஆனா போடாததுக்குப் பெனால்டி உண்டு. கட்டாய வாக்கெடுப்பாச்சே. முன்வரிசைல சீட் போட்டுடறேன்."

அந்த நேரம் பார்த்து, காதில் இயர்போனோடு ஓர் இளைஞன் இடையில் புகுந்து, "நீல்கிரிஸ், ஆர்யன்" என்றான். போன செப்டம்பரில்தான் குன்னூரிலிருந்து வந்தவன். விண்ணப்பித்த எட்டாம் நாள் ஆயுள் உறுப்பினர். அந்த மாவட்டத்துக்கு வேறு ஆளில்லை. சீட்டை வாங்கி, போனில் பேசிக்கொண்டே மேஜைமீது வைத்துப் பத்து விநாடியில் எண்களைக் கிறுக்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, "பஜ்ஜி எங்க அங்கிள்?" என்று குமாரசாமியிடமே கேட்டான்.

ஆயுள் உறுப்பினர் அல்லாதவர்கள் தொண்டு செய்யலாம் என்றார்கள். வசந்தாமணி அடுப்படியில் பஜ்ஜி எடுக்கப் போனாள். குமாரசாமிக்குக் கெச்சப் கிடைத்தது. கையில் புட்டியோடு நின்று, ஓட்டுப் போட்டுவிட்டு வருகிற ஒவ்வொருவர் ரொட்டியிலும் ஒரு கோடு ஊற்றினார். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். எல்லா முகத்திலும் ஓட்டுப் போட்ட களை. அந்த ஆர்யனுக்கு மட்டும் வேண்டுமென்றே கொஞ்சமாக ஊற்றினார்.

ஆறே முக்காலுக்கு ஜம்புநாதன் வீடியோவில் வந்தார். ரயிலில் உட்கார்ந்திருந்தார், பின்னால் சிட்னியின் காலை வெயில்.

"என்னங்கண்ணா, கையில என்ன, சாஸா? பார்ட்டியா?"

"உங்க ஓட்டுக்குத்தான் சகல இங்க தேர்தல் நடக்குது. எட்டு மணிக்கு ரிசல்ட்டு. நாளைக்கு அதுப்படி போட்டுருங்க."

ஜம்புநாதன் போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தார்.

"அண்ணா... நான் செவ்வாக்கிழமையே போட்டுட்டனே."

"என்னது?"

"சனிக்கிழமை கான்பெராவுல ஒரு வளைகாப்புங்க. அதனால முன்னாடியே போய்ப் போட்டுட்டேன். கூட்டமே இல்ல. அஞ்சு நிமிசம்."

"சரி, என் லிஸ்ட்டுப்படிதான போட்டீங்க?"

"லிஸ்ட்டு போன்ல இருந்துச்சுங்க. போன் கார்ல இருந்துச்சு. திரும்பி யாரு நடக்கறதுன்னு மேலருந்து கீழ வரிசையா ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எட்டு வரைக்கும் போட்டுட்டு வந்துட்டேன். யாரு வந்தா என்னங்கண்ணா? ஸ்டேஷன் வந்துருச்சு, அப்பறம் கூப்பிடறேன்."

குமாரசாமி கெச்சப் புட்டியைக் கீழே வைத்தார். நான்கு நாள் உழைப்பை நினைத்தார். வரிசையில் அப்போதும் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கட்டிப்பிடித்துக் காப்பாற்ற இனி அங்கே எந்த ஓட்டும் இல்லை. நேரே டாக்டரிடம் போனார். ஓரமாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார்.

டாக்டர் முகத்தில் சலனமே இல்லை. பஜ்ஜியை மென்று முடித்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தானுங்க. நிறுத்திச் சொல்லிரலாங்களா?"

"எதுக்கு நிறுத்தணும்? இவ்ளோ பேர் வந்திருக்காங்க. போட்டோகிராபர் வந்திருக்கார். ஓட்டு எங்க போய்ச் சேருதுங்கறது முக்கியமில்ல குமாரசாமி. நடத்தினது யார், அதான் முக்கியம். ஒன்பது வருஷ அனுபவத்துல சொல்றேன்."

"பாவமில்லீங்களா சார், நம்பிக்கையோட நிக்கறாங்க."

டாக்டர் அவர் தோள்மீது கை போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கும் ஓட்டுப் போடணும்னு ஆசை இருக்கில்ல? பாலுகிட்ட சொல்றேன். சிறப்புப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. தலைவர் விருப்பப்படி ஒரே ஒருத்தர். நீங்க போடுங்க. உங்க சகலையோட அந்த போன் கால் உங்களுக்கு இன்னும் வரல. சரியா?"

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் என்ன செய்வான் என்பது குமாரசாமிக்குத் தெரியும். எத்தனையோ தேர்தல் காலங்களில் சோபாவில் இருந்தபடி அதைத்தான் எல்லாருக்கும் சொல்லி வந்திருக்கிறார். ஆனால் பாலசுப்ரமணியன் மடிப்புக் கலையாத ஒரு வாக்குச்சீட்டையும் சீவிய பென்சில் ஒன்றையும் நீட்டியபோது அவர் கை தானாகவே போய் வாங்கிக்கொண்டது.

டி.வி. வந்த அட்டைப்பெட்டியை வெட்டி மறைப்புச் செய்திருந்தார்கள். உள்ளே குனிந்து நின்றார். எட்டுப் பெயர்கள், எட்டுக் கட்டங்கள். எங்கும் போய்ச் சேராத சீட்டு என்று அந்தக் கூடத்தில் அவருக்கும் டாக்டருக்கும் மட்டும் நன்றாகத் தெரியும். இருந்தும் பென்சில் முனையை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். எக்ஸெல்லில் போட்ட வரிசை மறந்துபோயிற்று. வாடகைக்கு வீடு கிடைக்காத முகம் தெரியாத யாரையோ நினைத்தார். பஸ் டிரைவரையும் பல் டாக்டரையும் மறுபடி முதலிலிருந்து எடைபோட்டார். வெளியே, "உள்ள தூங்கிட்டாரா பாருங்கப்பா" என்று முனகல் கேட்டது. கேட்டுவிட்டுப் போகட்டும். பதினெட்டு நிமிஷம் ஆனது. எட்டாவது எண்ணை எழுதிவிட்டு, சீட்டை நான்காக மடித்து, பெட்டியில் போட்டு, உள்ளே விழுந்ததா என்று தட்டிப் பார்த்தார்.

எட்டு மணிக்கு எண்ணினார்கள். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் மேலிருந்து கீழாக ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பஜ்ஜி ஆறிவிடும் என்ற கவலை. ஆகவே பேரவையின் முடிவும், செவ்வாய்க்கிழமை ஜம்புநாதன் போட்ட ஓட்டும் எண் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. சனிக்கிழமை டாக்டர் எல்லா உறுப்பினருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார்: 'நமது தீர்மானத்தை ஜம்புநாதன் அவர்கள் முழுமையாக நிறைவேற்றியுள்ளார். ஆஸ்திரேலிய ஜனநாயகத்துக்கு மத்திய நியூ ஜெர்சியின் பங்களிப்பு வரலாற்றில் நிற்கும்.' அதில் பொய் என்று சுட்ட ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

ஆனால் அது சனிக்கிழமை. வியாழக்கிழமை திரும்பி வரும்போது காரில் குமாரசாமி வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வசந்தாமணி. மூன்று மணி நேரம் அடுப்புப் பக்கம் நின்றதில் புடவையெல்லாம் எண்ணெய் வாடை.

"ஏனுங்க, யாருக்கு மொதல் நம்பர் போட்டீங்க?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது மணி" என்றார் குமாரசாமி. இருபத்தோரு வருஷத்தில் இப்படிச் சொல்ல அவருக்கு இதுதான் முதல் வாய்ப்பு. நிறுத்தி, நிதானமாகச் சொன்னார். "ரகசிய ஓட்டு."

வசந்தாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உதடு இறுகி, கண் சுருங்கி, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட முகம். குமாரசாமிக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். பத்து நாளாக ஷேவிங் கண்ணாடியில் அவர் பார்த்துவந்த முகம்.

இரண்டு சிக்னல் தாண்டியபிறகு அவள் கேட்டாள்.

"நானுந்தானுங்க அதே வரிசையில பன்னண்டு வருசமா நிக்கறேன். உங்க ஃபைலோட சேத்துக் கட்டுன பேப்பரா. எனக்கும் ஒரு சீட்டுக் கேக்கோணும்னு உங்களுக்குத் தோணலியா?"

தோன்றவில்லை. உண்மையாகவே தோன்றவில்லை. அதையும் ரகசியத்தில் சேர்த்துக்கொண்டு குமாரசாமி காரை ஓட்டினார்.